மீட்டர் போர்டு வெளிச்சத்தின் நிறத்தை மாற்றுவது: பல்பு வாங்கும் முன் ஃபில்டரைப் பாருங்கள்

காரில் ஸ்பீடோமீட்டர் இருக்கும் பலகைதான் மீட்டர் போர்டு. பச்சையாக எரியும் மீட்டர் போர்டில் சிவப்பு எல்இடி மாட்டினால் சிவப்பு வராது, கிட்டத்தட்ட இருட்டுதான் வரும். வெள்ளை மாட்டினால் அதே பச்சை, கொஞ்சம் நீலம் கூடித் தெரியும். பல்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய மாடல் கார்களில் உள்ளே இருப்பது சாதாரண மஞ்சள் பல்பு. அதன் ஒளி சுமார் 2700 கெல்வின் (ஒளியின் நிற அளவு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை). நாம் பார்க்கும் பச்சையோ நீலமோ வழியில் இருக்கும் ஏதோ ஒரு ஃபில்டர் கொடுப்பது. அந்த ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வண்ண பல்பு வாங்குவது பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

ஃபில்டர் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். முதலாவது, பல்பின் மேலேயே தொப்பி போல மாட்டிய பச்சை அல்லது நீல ரப்பர் உறை. இதைக் கழற்றினால் வேலை முடிந்தது. இரண்டாவது, பல்புக்கும் டயலுக்கும் நடுவே தனியாகச் செருகிய வண்ண பிளாஸ்டிக் தாள். இதையும் உருவி எடுத்துவிடலாம். மூன்றாவது, டயல் தாளின் பின்பக்கம் எண்களின் மேல் அச்சடித்த வண்ண மை. இதற்கு முள்ளைக் கழற்றி டயலை எடுத்தாக வேண்டும். பாதிப் பேர் பின்வாங்குவது இந்த இடத்தில்தான், அதில் தவறும் இல்லை.

எது இருக்கிறது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம். மீட்டர் போர்டை வெளியே எடுத்து, பின்னாலிருந்து ஒரே ஒரு வெளிச்ச பல்பை ஹோல்டரோடு கழற்றி, பல்பைப் பாருங்கள். உறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஓட்டை வழியாக ஒரு சின்ன வெள்ளை டார்ச்சை அடித்து, முன்பக்கம் எண்களின் நிறத்தைக் கவனியுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் நிறம் உறையில் இருந்தது. பச்சையாகவே தெரிந்தால் தாளிலோ டயலிலோ இருக்கிறது.

கழற்றுவதற்கு முன்

ரேடியோவுக்குப் பாதுகாப்பு கோட் எண் இருந்தால் முதலில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள காரில் அந்தக் கார் மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். பேட்டரியை எடுத்த பிறகும் ஏர்பேக் யூனிட்டின் கெபாசிட்டரில் சார்ஜ் கொஞ்ச நேரம் நிற்கும். இன்னொரு விஷயம்: மீட்டர் போர்டு வெளியே இருக்கும்போது பேட்டரியை மாட்டி இக்னிஷன் போட்டுப் பார்க்காதீர்கள். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு மீட்டரில்தான் இருக்கிறது. அது இல்லாதபோது இக்னிஷன் போட்டால் சில கார்களில் ஃபால்ட் கோட் பதிவாகி, ஸ்கேனர் வைத்து அழிக்கும் வரை விளக்கு அணையாது.

கருவிகள் அதிகம் இல்லை. நடுத்தர அளவு நட்சத்திரத் திருப்புளி ஒன்று, பிளாஸ்டிக் டிரிம் நெம்பி ஒன்று, மல்டிமீட்டர், மாஸ்கிங் டேப், பருத்திக் கையுறை, 12 வோல்ட் சப்ளை. சப்ளைக்கு வழியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்டுக்கொள்ளுங்கள். சோதனை எல்லாம் இதில்தான், காரில் இல்லை.

ஸ்டீயரிங்கைக் கழற்றத் தேவையில்லை. ஏற்றி இறக்கும் டில்ட் வசதி இருந்தால் கடைசி வரை கீழே இறக்கி, ஸ்டீயரிங் தண்டை மூடியிருக்கும் கவர் மேல் ஒரு துணியைப் போடுங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தில் பெரும்பாலும் மேல் விளிம்பில் கீழ்நோக்கி இரண்டு ஸ்க்ரூ இருக்கும், மற்றவை கிளிப். ஸ்க்ரூ எடுக்காமல் இழுத்தால் மேல் காது உடையும். சட்டம் வந்ததும் மீட்டரைப் பிடித்திருக்கும் மூன்று நான்கு ஸ்க்ரூவை எடுத்து, மீட்டரை உங்கள் பக்கம் சாய்த்து, பின்னாலிருக்கும் கப்ளரின் பூட்டை அழுத்தி உருவ வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கேபிள் வைத்த பழைய ஸ்பீடோமீட்டர் என்றால் கேபிளின் பிளாஸ்டிக் காதையும் அழுத்த வேண்டும். கை நுழையவில்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினால் மீட்டர் முன்னால் வரும்.

எந்தப் பல்பு எங்கே

டி10, டி5 என்ற பெயரில் உள்ள எண் கண்ணாடியின் தோராயமான விட்டம், மில்லிமீட்டரில். மீட்டரின் பின்பக்கம் பெரிய ஹோல்டர்கள் டி10, இவைதான் பொதுவாக டயலுக்கு வெளிச்சம் தருபவை. சின்ன ஹோல்டர்கள் டி5, பெரும்பாலும் 1.2 வாட், எச்சரிக்கை விளக்குகளுக்கு. சில கார்களில் வெளிச்சத்துக்கே டி5 போட்டிருப்பார்கள். ஏசி பேனலிலும் சுவிட்சுகளிலும் இருப்பவை டி3, டி4.2, டி4.7 வகை. ஹோல்டரும் பல்பும் ஒன்றாகவே வரும், கால் திருப்பில் கழலும்.

டி10 அளவில் 3 வாட், 3.4 வாட், 5 வாட் எல்லாமே ஒரே ஹோல்டரில் உட்காரும். ஆபத்தும் அதில்தான். வெளிச்சம் கூடட்டும் என்று 3.4 வாட் இருந்த இடத்தில் 5 வாட் பல்பு போட்டால் ஹோல்டர் உருகும், டயல் பின்பக்கம் பழுப்பேறும். முன்னால் இருந்து பார்த்தால் ஒரு எண் மட்டும் மஞ்சள் அடித்தது போல நிரந்தரமாக நிற்கும். அதைச் சரி செய்ய வழியில்லை.

வண்ணம் பூசிய கண்ணாடி பல்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பும் ஆம்பரும் பரவாயில்லை. நீலம் வாங்கவே வேண்டாம். இழை பல்பின் ஒளியில் சிவப்பு, மஞ்சள் பங்குதான் அதிகம். நீலப் பங்கு மிகக் குறைவு. நீலப் பூச்சு சிவப்பையும் மஞ்சளையும் தடுத்துவிட்டு, இருக்கிற கொஞ்சம் நீலத்தை மட்டும் வெளியே விடும். எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மங்கலாக வரும். கடையில் வாங்கும் கண்ணாடிப் பெயிண்டை வீட்டிலேயே பல்பில் தடவினால் சூட்டில் கருகி உரியும்.

எல்இடியில் பார்க்க வேண்டியது ஒளி எந்தப் பக்கம் போகிறது என்பது. இழை பல்பு எல்லாத் திசையிலும் ஒளி விடும். மீட்டரின் வெள்ளை உட்சுவர் அதைப் பிரதிபலித்துப் பரப்பும். நேராக முன்னால் மட்டும் அடிக்கும் எல்இடியைப் போட்டால் 40க்கும் 60க்கும் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு, 120 பக்கம் இருட்டு. பக்கவாட்டிலும் சில்லு வைத்த டி10 எல்இடியே இங்கே சரி. ஒற்றை 5 மில்லிமீட்டர் எல்இடி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதன் தலையை 400 எண் உப்புத்தாளில் தேய்த்துப் பால் நிறமாக்கினால் கற்றை விரியும்.

‘கேன்பஸ்’ என்று எழுதிய எல்இடிகளை மீட்டருக்குள் வைக்காதீர்கள். அவற்றில் பல்பைப் போலக் கரண்ட் இழுக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அது சூடாகும். டயல் வெளிச்சத்தைப் பொதுவாக எந்த ஈசியுவும் (காரின் மின்னணுக் கட்டுப்பாட்டு யூனிட்) கண்காணிப்பதில்லை, அதனால் தேவையும் இல்லை. உள்ளே ஸ்விட்சிங் டிரைவர் வைத்த அதிவெளிச்ச எல்இடிகளும் வேண்டாம், எஃப்எம் ரேடியோவில் இரைச்சல் வரும்.

தானே செய்பவர்களுக்குக் கணக்கு: எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் வரை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை, நீலம், பச்சை எல்இடிக்கு 3.2 வோல்ட், சிவப்பு, ஆம்பருக்கு 2 வோல்ட். வெள்ளைக்கு 10 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 11.2 வோல்ட்டை 0.01ஆல் வகுத்தால் 1120, ஆகவே 1.2 கிலோ ஓம், கால் வாட். 20 மில்லி ஆம்பியருக்கு 560 ஓம், அரை வாட். இரவில் பார்க்க 10 மில்லி ஆம்பியரே தாராளம். 20இல் தொடங்குபவர்கள் பெரும்பாலும் திரும்ப வந்து குறைக்கிறார்கள்.

சிவப்புக் கோடு எங்கே போனது?

முழு நீல எல்இடி போட்ட மீட்டரை இரவில் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆர்பிஎம் மீட்டரில் சிவப்பு எல்லை காணாமல் போயிருக்கும். வெப்பநிலை முள்ளின் மேல்கோடியில் இருக்கும் சிவப்புக் குறி, பெட்ரோல் மீட்டரின் அடிக்கோடியில் இருக்கும் சிவப்புக் குறி, இரண்டும் கறுத்துக் கிடக்கும். முள்ளும் சிவப்பு என்றால் எண்கள் மட்டும் ஜொலிக்கும், முள் தெரியாது. சிவப்பு மை சிவப்பு ஒளியை மட்டுமே வழிவிடும். நீல எல்இடியில் சிவப்பே கிடையாது. எஞ்சின் சூடேறுவதைக் காட்ட வைத்த குறி இரவில் தெரியாமல் போவது அலங்காரத்துக்காகக் கொடுக்கக் கூடிய விலை அல்ல.

இதனால்தான் எங்கள் பரிந்துரை எப்போதும் ஒன்றே: பல்பு வெள்ளையாக இருக்கட்டும், நிறத்தைத் தாளில் கொடுங்கள். மேடை விளக்குகளுக்கு விற்கும் சூடு தாங்கும் வண்ண ஃபில்டர் தாளை டயலின் பின்வடிவத்துக்கு வெட்டி, சிவப்புக் குறிகள், முள் அச்சு, எச்சரிக்கை விளக்கு ஜன்னல்கள் வரும் இடங்களில் கத்தியால் திறந்துவிடுங்கள். எண்கள் நீலம், எல்லை சிவப்பு, முள் சிவப்பு என்று மூன்றும் ஒழுங்காக வரும். ஒரு தாள் வெளுப்பாகத் தெரிந்தால் இரண்டாக மடித்து வையுங்கள்.

வெள்ளையிலும் தேர்வு உண்டு. 6500 கெல்வின் குளிர்வெள்ளை எல்இடியில் சிவப்புப் பங்கு குறைவு, சிவப்பு முள் சோகை பிடித்தது போல இருக்கும். 3000 முதல் 4000 கெல்வின் வரை உள்ளவற்றில் முள் உயிரோடு இருக்கும். தேவையான எண்ணிக்கைக்கு மேல் இரண்டு சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுங்கள். இரண்டு தொகுப்புகளின் வெள்ளை பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று நீலமாகவும் ஒன்று பழுப்பாகவும் தெரியும்.

நிறத் தேர்வில் கண்ணையும் கேட்க வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்ணின் கோல் செல்கள் 500 நானோமீட்டர் பக்கத்தில் அதிகம் உணரும். ஆழ்ந்த சிவப்பை அவை கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. அதனால் சிவப்பும் ஆம்பரும் வெளிச் சாலையைப் பார்க்கும் கண்ணைக் குறைவாகக் கெடுக்கும். நீல ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிவதால் நீல எண்களின் விளிம்பு மங்கும், வயது கூடக் கூட இது அதிகம் தெரியும். நீலம்தான் வேண்டும் என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்கி வையுங்கள்.

டயலின் பின்பக்க மையை எடுப்பது

முள்ளைக் கழற்றும் முன் அது நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். டயலின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, முள் நுனி எங்கே இருக்கிறதோ அங்கே பென்சில் கோடு. தடுப்பு ஊசி உள்ள மீட்டரில் முள்ளை மெதுவாகத் தூக்கி ஊசியைத் தாண்டவிட்டு, அது தானாக ஓய்ந்து நிற்கும் இடத்தையும் தனியாகக் குறியுங்கள். திரும்ப மாட்டும்போது உண்மையில் உதவுவது இந்த இரண்டாவது கோடுதான். ஸ்டெப்பர் மோட்டார் (மின்சிக்னலுக்கேற்பப் படிப்படியாகச் சுழலும் சிறு மோட்டார்) முள்ளை நகர்த்தும் மீட்டருக்கு இது பொருந்தாது, அதில் முள்ளைக் கையால் சுற்றித் தாண்டவிடாதீர்கள்.

எடுக்க இரண்டு தேக்கரண்டிகள் போதும். டயலின் மேல் கெட்டி அட்டை வைத்து, முள்ளின் குமிழுக்கு இருபுறமும் கரண்டி விளிம்பைக் கொடுத்து, இரண்டையும் சமமாக அழுத்தினால் முள் நேராக மேலே வரும். திருகி இழுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய அச்சு வளையும், அல்லது முள்ளோடு அச்சும் வந்துவிடும். பிறகு அந்த மோட்டாரையே மாற்ற வேண்டும்.

டயலைக் குப்புறப் போட்டுப் பார்த்தால் கறுப்பு மறைப்பின் மேல், எண்கள் வரும் இடங்களில் பச்சை அல்லது நீல மை பட்டையாகத் தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காட்டன் பட்ஸால் ஓரத்தில் ஒரு புள்ளி அளவு துடைத்துப் பாருங்கள். மை இளகினால் சிறுசிறு பகுதியாகத் துடைக்கலாம். இளகவில்லையென்றால் ஆல்கஹாலைக் கொஞ்சம் ஊறவிட்டு, மரக்குச்சியின் சீவிய முனையால் ஒரே திசையில் சுரண்டுங்கள். அசிட்டோன், தின்னர் பக்கமே போகாதீர்கள், பாலிகார்பனேட் தாள் வெளுத்து விரிசல் விடும். வண்ண மையின் அடியில் வெள்ளையாக ஒரு அடுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அது ஒளியைப் பரப்பும் அடுக்கு, அதையும் சுரண்டினால் அந்த எண் மட்டும் பளிச்சென்று எரியும். கறுப்பு மையில் ஊசி முனை அளவு கீறல் விழுந்தாலும் இரவில் நட்சத்திரம் போலத் தெரியும். டார்ச்சைப் பின்னால் பிடித்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, பின்பக்கமே கறுப்பு அக்ரிலிக் பெயிண்டால் மூடுங்கள்.

முள்ளைத் திரும்ப வைக்கும்போது முதலில் லேசாக மட்டும் அமர்த்துங்கள். காரில் மாட்டி, ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முழுதாக அழுத்தலாம். ஐநா ஒழுங்குவிதி 39இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாக உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை காட்டலாம். உண்மை வேகம் 60 என்றால் முள் 60க்கும் 70க்கும் நடுவே எங்காவது இருக்கலாம், 58 காட்டினால் முள்ளைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டும்.

தொடக்கூடாத பல்புகள்

எச்சரிக்கை விளக்குகளின் நிறத்தை மாற்றாதீர்கள். பிரேக் பழுதுக்குச் சிவப்பு, இண்டிகேட்டருக்குப் பச்சை, ஹைபீமுக்கு நீலம் என்பதெல்லாம் ஐநா ஒழுங்குவிதி 121 வரையறுத்தவை. அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 101 என்ற வாகனப் பாதுகாப்பு விதி இதையே, ஹைபீமுக்குப் பச்சையையும் அனுமதித்து, சொல்கிறது.

நிறம் மாறாமல் எல்இடி மட்டும் போடலாமா என்றால், பேட்டரி சின்னம் உள்ள பல்பில் போடக் கூடாது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்கள் பல தொடக்கக் காந்தமாக்கத்துக்கான கரண்ட்டை இந்தப் பல்பு வழியாகத்தான் பெறுகின்றன. எல்இடி விடும் சில மில்லி ஆம்பியர் அதற்குப் பத்தாது. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதிக்கும் வரை சார்ஜ் ஏறாது, சில நேரம் ஏறவே ஏறாது. ஏர்பேக், ஏபிஎஸ் பல்புகளையும் விட்டுவிடுங்கள், சில யூனிட்டுகள் அந்தப் பல்பின் தடையைச் சோதிக்கும். மற்ற எச்சரிக்கை விளக்கில் எல்இடி போட்டு அது அணைந்த நிலையிலும் மினுக்கினால், கசியும் கரண்ட்டுக்கு வழிவிட 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டரை இணையாகப் போட்டால் நின்றுவிடும்.

மாட்டியபின் வரும் சிக்கல்கள்

எரியவில்லையென்றால் முதலில் ஹோல்டரிலிருந்து எல்இடியை எடுத்து 180 டிகிரி திருப்பிச் செருகுங்கள். எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு, ஹோல்டரில் குறியில்லை. அப்படியும் எரியவில்லை, அல்லது தட்டினால் எரிகிறது என்றால் கால் கம்பி மெலிந்து தொடர்பில்லாமல் இருக்கிறது. கம்பியைச் சற்று வெளிப்பக்கம் வளைத்துச் செருகுங்கள். கம்பி நீண்டு எதிர்ப் பட்டையைத் தொட்டால் ஷார்ட். பல கார்களில் டேஷ்போர்டு வெளிச்சமும் பின்பக்க டெயில் லைட்டும் ஒரே ஃபியூஸில் இருக்கின்றன. அந்த ஃபியூஸ் போனால் பின்னால் வருபவருக்கு உங்கள் வண்டி தெரியாது.

ஹோல்டரைக் கழற்றி மாட்டும்போது மீட்டரின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் செம்புப் பட்டைத் தாளைக் கவனியுங்கள். ஹோல்டரின் காதுகள் அதைத்தான் அழுத்துகின்றன. வேகமாகத் திருகினால் பட்டை கிழிந்து மடியும். கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம்.

வெளிச்சம் குறைக்கும் குமிழ் வேலை செய்யவில்லை என்பது எல்லோரும் சொல்வது. ரியோஸ்டாட் (தடையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) வைத்த கார்களில் அது எதிர்பார்க்க வேண்டியதே. 3.4 வாட் பல்புகள் நான்கு சேர்ந்து ஏறத்தாழ 1 ஆம்பியர் இழுக்கும். அந்தக் கரண்ட்டுக்கு 10 ஓம் ரியோஸ்டாட் நன்றாக வேலை செய்யும். எல்இடிகள் சேர்ந்து 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் அதே 10 ஓமில் விழுவது 1 வோல்ட்தான், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. உள்ளே மூன்று சில்லுகளைத் தொடராக வைத்த எல்இடியில் வேறு தொல்லை: 9 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் படிப்படியாக மங்காமல் சட்டென்று அணையும். இதற்கு ஒரு சின்ன பிடபிள்யூஎம் டிம்மர்தான் (கரண்ட்டை மிக வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்து வெளிச்சத்தைக் குறைப்பது) தீர்வு. ஆனால் உங்கள் காரில் குமிழ் பிளஸ் பக்கம் இருக்கிறதா, எர்த் பக்கம் இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு அதற்கேற்ற டிம்மர் வாங்க வேண்டும். இல்லையென்றால் ரெசிஸ்டரைக் கூட்டி ஒரே அளவான, இரவுக்கு ஏற்ற வெளிச்சத்தில் நிறுத்திவிடலாம்.

ஏசி பேனலில் பல்பு மாற்றுவது எளிது, ஆனால் குமிழ்களின் பின்னால் இருக்கும் கண்ட்ரோல் கேபிள்களை இழுத்துவிடாமல் பேனலைச் சாய்க்கும் அளவுக்கு மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். கேபிள் கிளிப் நகர்ந்தால் ஹீட்டர் முழுதாக மூடாது.

புதிய மாடல்களில் ஹோல்டரே இருக்காது, போர்டில் சால்டர் செய்த எல்இடிகள்தான், பெரும்பாலும் 3528 அளவு (3.5க்கு 2.8 மில்லிமீட்டர்). மாற்றுவதற்கு முன் எத்தனை எல்இடிகள் தொடராக இருக்கின்றன என்று தடத்தைப் பின்தொடர்ந்து எண்ணுங்கள். பச்சையிலிருந்து வெள்ளைக்கோ நீலத்துக்கோ போவதில் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றே. சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போனால் நான்கு சிவப்பு எல்இடிக்கு 8 வோல்ட் போதுமாக இருந்த இடத்தில் 12.8 வேண்டும், எரியாது. அங்கே வரிசையை உடைத்து ரெசிஸ்டரோடு மறுவயரிங் செய்ய வேண்டும். முன்பு செய்து பழக்கமில்லாதவர்கள் பழைய போர்டு ஒன்றில் பழகிவிட்டு வருவது நல்லது. எல்இடியின் துருவத்தைக் காட்டும் மூலைவெட்டு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சால்டரிங் அயன் 320 முதல் 350 டிகிரிக்குள், ஒரு பேடுக்கு (எல்இடி சால்டர் ஆகும் செம்புப் பட்டை) மூன்று வினாடிக்கு மேல் வேண்டாம். வலுவாக நெம்பினால் பேடு பிய்ந்துவரும்.

மீட்டரின் கண்ணாடியை மூடும் முன் மீட்டரை 12 வோல்ட் சப்ளையில் எரியவிட்டு, இருட்டறையில் ஒரு கை நீளத் தூரத்திலிருந்து பாருங்கள். பொட்டு, நிழல், கீறல் எல்லாம் இங்கேயே தெரியும். கண்ணாடியின் உட்பக்கத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி முள் மிதக்கும். ஈரமாக்கிப் பிழிந்த மைக்ரோஃபைபரால் ஒரு முறை தடவினால் இறங்கிவிடும்.

காரில் மாட்டியதும் எஞ்சின் போடாமல் இக்னிஷன் மட்டும் போட்டு எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் அணைகின்றனவா என்று பாருங்கள். பேட்டரி டெர்மினலில் 13.8 வோல்ட்டுக்கு மேல் வருகிறதா என்றும் அளந்துவிடுங்கள். பிறகு ஹெட்லைட் போட்டு, பின்னால் நடந்துபோய் இரண்டு டெயில் லைட்டும் நம்பர் பிளேட் விளக்கும் எரிவதை நேரில் பாருங்கள். இரவில் விளக்கில்லாத சாலையில் ஓட்டும்போது காரின் முன்கண்ணாடியில் மீட்டரின் எதிரொளி தெரிந்தால் வெளிச்சம் இன்னும் அதிகம், ரெசிஸ்டர் மதிப்பை ஒரு படி கூட்டுங்கள்.